இஸ்மேனியாவின் நான்கு பல் அடைப்புகள்

வானொலி சொன்னால் இஸ்மேனியாவுக்கு அது வேதவாக்கு. பல் ஓட்டையை அடைக்கிற வெள்ளிக் கலவையில் பாதரசம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று காலையில் யாரோ ஒருவர் அதில் பயமுறுத்திவிட்டார். அவள் வாயில் அப்படி நான்கு அடைப்புகள். சில நாளாகத் தன் கை ஏன் நடுங்குகிறது என்பதற்கு அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அந்தியோகியா மலையில் அவளுடையது ஒரு தங்கச் சுரங்க ஊர். அங்கே தங்கம் வாங்கிப் பிழைக்கிறவளுக்குக் கை நடுங்கலாமா? தராசு முள் ஆடினாலே திருடி என்பார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் எதிர்க்கடைக்குத் தாவியாயிற்று. கடை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பல் டாக்டர் லிபார்தோவின் நாற்காலியில் போய் ஏறிக்கொண்டாள்.

"நாலையும் தோண்டி எடுத்துட்டு தங்கம் வச்சிடுங்க டாக்டர். தங்கத்தை நானே கொண்டாறேன். உங்க தங்கத்தை எவன் நம்புவான்?"

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். "அடைப்பெல்லாம் கல்லு மாதிரி இருக்குக்கா. இதுலேர்ந்து வர்றது துளியூண்டு. சும்மா இருக்கிறதை நோண்டினாத்தான் ஆவி கிளம்பும்."

"வேலை செய்யச் சோம்பல்னு சொல்லுங்களேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். காற்றில் உள்ள பாதரசத்தை அளப்பது. ஊரைச் சோதிக்க வந்த பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவரிடம் விட்டுப்போனது. அதை அவள் வாயருகே நீட்டினார். முள் சோம்பேறித்தனமாக ஒருமுறை அசைந்து படுத்துக்கொண்டது. கருவியைக் கொஞ்சம் கீழே இறக்கி அவளுடைய ஏப்ரன் பக்கம் கொண்டுபோனார். அது வாலை மிதித்த பூனையாக வீறிட்டது.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் இஸ்மேனியா.

டாக்டர் அதை வாசல் பக்கம் கொண்டுபோனார். அடங்கியது. திரும்ப ஏப்ரனிடம் வந்தார். மறுபடியும் வீறிட்டது.

"இதைக் கட்டிக்கிட்டு என்னக்கா பண்றீங்க?"

என்ன பண்ணுவாள்? சுரங்கத்துக்காரர்கள் பாதரசத்தில் பிசைந்து கொண்டுவரும் தங்க உருண்டையைத் தீயில் வைப்பாள். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும். விற்க வந்தவன் கண்ணெதிரே, திறந்த தட்டில்தான் எரிக்க வேண்டும். அதுதான் ஊர் வழக்கம். பொட்டுத் தங்கம்கூடக் களவு போகவில்லை என்று அவனும் மூக்கை நீட்டிக்கொண்டு பார்ப்பான்.

"புகை வெளியே வராம மூடி வச்சு எரிக்கிற பானை ஒண்ணு அரசாங்கத்துல கொடுத்தாங்களே, அது எங்கே?"

"அதுமேலதான் ரேடியோ வச்சிருக்கேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இஸ்மேனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்து எரித்தால் கை போகும், மூடி எரித்தால் பேர் போகும்.

"பல்லைப் பிடுங்கணும்னா மரத்துப்போக ஊசி போடுவீங்க. இதுக்கு எங்கே போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கடை வாசலில் சுரங்கத்துக்காரன் ரொபெய்ரோ உருண்டையோடு காத்திருந்தான். ஊரிலேயே பெரிய சந்தேகப்பிராணி அவன். அவள் வானொலியைத் தரையில் இறக்கி வைத்தாள். உருண்டையை வாங்கிப் பானைக்குள் போட்டு மூடியைத் திருகினாள்.

"என்னக்கா இது? மூடிட்டா உள்ளே என் தங்கம் என்ன ஆகுதுன்னு நான் எப்படிப் பார்க்கிறது?"

"பல் டாக்டர் சொன்னாரு."

"பல்லுக்கும் தங்கத்துக்கும் என்னக்கா சம்பந்தம்? இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தே?"

இஸ்மேனியா வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

"இது அந்தப் புகை பண்ண வேலை. திறந்துதான் எரிக்கணும்னா எரிக்கிறேன். அப்புறம் இந்தக் கையாலதான் உன் தங்கத்தை நிறுப்பேன். பரவாயில்லையா?"

ரொபெய்ரோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவசரமாகத் தன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"மூடியே எரிச்சிடுக்கா," என்றான்.