வாடையில்லாத நெருப்பு

எங்கள் வீட்டுக்குக் கிரான் கிடையாது. பக்கத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கும் கிடையாது. புக்கிட் பெலிம்பிங் பக்கம், பழைய தோட்டத்து மூலையில், அரசாங்க நிலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கிரான் என்ற அந்த நிலப்பத்திரம் இல்லாத வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது. வாசலில் ஏதாவது கார் நின்றால், சோற்றில் கை வைத்தபடியே எட்டிப் பார்க்க வேண்டும், உடைக்க வந்தவனா, வழி கேட்க வந்தவனா என்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கோகிலன் கோயில் செயலாளர். லோரி ஓட்டும் நேரம் போக மீதியெல்லாம் முனியாண்டிக்குத்தான். போன திருவிழாவுக்கு முன்பு, தண்ணீருக்காகக் கோயிலுக்குப் பின்னால் குழாய் இறக்கினார்கள். தண்ணீர் வந்தது. கூடவே குமிழி குமிழியாக வேறு ஏதோ வந்தது. கற்பூரத் தட்டோடு அந்தப் பக்கம் போன என் வீட்டுக்காரர் பதறிப் பின்வாங்கினார். குழாய் வாயில் நீல நிறத்தில் நெருப்பு பிடித்துக்கொண்டது. ஊதிப் பார்த்தும் அணையவில்லை.

"முனியாண்டி வந்துட்டாரு பிரேமலா," என்றார். கண் கலங்கியிருந்தது.

"மண்ணுக்குள்ள கேஸ் இருக்கு. பேசாம மூடி வைங்க," என்றேன்.

என் சொல் என்றைக்கு அம்பலம் ஏறியது? அவர் கணக்கே வேறு. "கூட்டம் வர்ற கோயில ஒடைக்க எவனும் யோசிப்பான்லா. கூட்டம் வந்தா நம்ம தொகுதி ஒய்.பி. வருவாரு. அவரு வந்தா கிரான் வரும்." எங்கள் பக்கத்துக் கோயில் கமிட்டிகள் எல்லாம் போடும் கணக்குதான் இது. கைத்தொலைபேசியை என்னிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். குழாய்ப் பக்கம் குனிந்து, "மோந்து பாருங்க, தோங் கேஸ் வாடை ஏதாச்சும் வருதா? அடுப்பு கேஸ் வாடை ஒன்னுமே இல்ல. இது சாமி நெருப்பு," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். டிக்டாக்கில் போட்டார்.

கூட்டம் வந்தது. கிள்ளானிலிருந்து, ரவாங்கிலிருந்து வேன் வேனாக வந்தது. சுங்கை ஆயர் தாவாரிலிருந்து நல்லம்மாள் அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். முழங்கால் வலி பாதியாகக் குறைந்துவிட்டதாம். முனியாண்டிக்குச் சுருட்டு பற்றவைக்க இனி லைட்டர் வாங்க வேண்டியதில்லை என்று நான் கேலி பேசினேன். இவருக்குக் கோபம் வந்தது.

ஒய்.பி. வரவில்லை. வந்தது வேறொரு செய்தி. இந்தக் கடலோரத்து மண்ணுக்கடியில் இருக்கும் எரிவாயுவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடப் போகிறார்களாம். கோலா சிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடந்தது. நானும் போனேன். திரையில் வரைபடம் காட்டினார்கள். ஆறு தெரிந்தது, செம்பனைத் தோட்டம் தெரிந்தது, எங்கள் கோயில் இருக்கும் மூலை ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் கிடந்தது. யாருடைய நிலம் என்று எழுந்து கேட்டேன். மேலே இருப்பது மாநிலத்துக்கு, கீழே இருப்பது நாட்டுக்கு, குத்தகை கீழே இருப்பதற்கு மட்டும்தான் என்றார் அதிகாரி. அப்படியானால் மேலே குடியிருக்கும் நாங்கள் என்றேன். கிரான் இருந்தால் இழப்பீடு உண்டு, இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான் என்றார். பிறகு எல்லாரும் கறிபாப் பலகாரம் சாப்பிடுங்கள் என்றார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

எங்கள் கட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை கார் வந்தது. இறங்கியவள் நம் பிள்ளைதான். மாதவி, ரவாங்காரி, இன்ஜினியர். கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாள், திருநீறு பூசிக்கொண்டாள். திமிராக நடந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும். அவள் மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கொடுத்தது.

"அங்கிள், இது விடாம எரியுதா? ரொம்ப நாளாவா?" என்று கேட்டாள்.

கோகிலன் கோயிலைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அது சாமி நெருப்பு இல்ல தங்கச்சி. மண்ணுக்குள்ள ஒன்னும் இல்ல. நான்தான் தோங் கேஸ் வச்சு டியூப்ப பொதைச்சி உட்டேன். கூட்டம் சேக்கத்தான். எல்லாம் பொய்."

உறுமி அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். லோரி சாவியை முனியாண்டி காலடியில் வைக்காமல் வண்டியை எடுக்காத மனிதர். அதே முனியாண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பெனியைத் திருப்பி அனுப்பி முனியாண்டியைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னார்.

மாதவி எங்கள் பக்கம் நெருங்கி வந்து தன் போனைத் திறந்தாள். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தாள். இவர் குரல்தான் கேட்டது. மோந்து பாருங்க, தோங் கேஸ் வாடை ஏதாச்சும் வருதா?

"தோங் கேஸ்னா நாறும் அங்கிள்," என்றாள் மெதுவாக. "கசிஞ்சா தெரியணும்னு வாடை கலந்துதான் விக்கிறாங்க. மண்ணுலேருந்து வர்றதுக்குத்தான் வாடை இருக்காது. இந்த வீடியோவ பாத்துட்டுத்தான் கம்பெனியே இந்த எடத்த எடுத்துச்சு. சாரி அங்கிள்."

அது எங்கள் இரண்டு பேர் காதில் மட்டும்தான் விழுந்தது. அவளோடு வந்தவர்கள் குழாய்க்குப் பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய அளவுக் கட்டை ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள்.

கூட்டமும் கலைந்தது. நல்லம்மாள் அக்கா நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்தார். "சாமிய வச்சு ஏமாத்திட்டியே தம்பி," என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி வேனை நோக்கி நடந்தார். கோகிலன் தலை நிமிரவில்லை. நம்ப வேண்டியவள் அவர் பொய்யை நம்பவில்லை. நம்பக் கூடாதவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேனுக்குப் பின்னால் ஓடினேன். "அக்கா, அது நெசமான நெருப்புதாங்கா. அவரு சொன்னதுதான் பொய்," என்று கத்தினேன். மூடி வைக்கச் சொன்னவளும் நான்தான், சுருட்டுக் கேலி பேசியவளும் நான்தான். வேன் நிற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கார் சத்தம் கேட்டது. வழக்கம்போல நான்தான் எட்டிப் பார்த்தேன். கம்பெனி கார். கும்பிட வேறு யாரும் வரவில்லை. திரும்பி இவரைப் பார்த்தேன். யாரென்றுகூடக் கேட்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.