காய்ச்சல் ரொட்டி

1

கரிக்கட்டியால் போட்ட கோடுகளை ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதியால் ஒற்றி எடுப்பார்கள் என்று ஓவியம் படித்த ஒருவர் சொன்னார். நான் வளர்ந்த காலத்துத் திண்டுக்கல்லில் ரொட்டி காய்ச்சல்காரருக்கு மட்டுமே வாங்குவது. இரண்டும் உரசிக்கொண்டன. இந்தக் கதைக்கு வேறு பூர்வீகம் இல்லை.

2

முதல் தொடக்கம்: 1958. மலைக்கோட்டையின் நிழல் ஊர்மீது நீண்டு விழுந்த ஓர் அந்தியில் பழனியம்மாள்

இல்லை. கோட்டை இந்தக் கதைக்கு எதுவும் செய்யப்போவதில்லை.

இரண்டாம் தொடக்கம்:

"இந்த வாரமுமா? யாருக்கும்மா காய்ச்சல்?" என்றார் ரொட்டிக்கடை கிதர் முகம்மது.

"அவுகளுக்கு" என்றாள் பழனியம்மாள்.

இது இருக்கட்டும். 'அவுக' என்பது அவள் கணவன் நல்லுசாமி. பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவன். அந்த நேரத்தில் ஒரு குறையும் இல்லாமல் சாவிக்குப் பல் ராவிக்கொண்டிருந்தான்.

3

ரொட்டியோடு அவள் போனது மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு. அங்கே சனிக்கிழமை பிற்பகல்களில் ஜெயமேரி டீச்சர் பெண்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் கரி. சொம்பு, பூசணிக்காய், மடித்துப் போட்ட துண்டு. கரி கைக்கு வந்த பிறகுதான் பேஸ்டல்.* பழனியம்மாளுக்கு வரும் சனிக்கிழமை பேஸ்டல்.

(* டீச்சர் அதைக் 'கலர்க் கட்டி' என்பாள். தொட்டால் விரலில் ஒட்டும். மூன்று வாரமாக அந்தப் பெட்டியை மூடியோடு மட்டும் பார்த்திருக்கிறாள் பழனியம்மாள்.)

அவள் ஏன் வரைய வந்தாள்? ஒரு வரைவில் அவளுக்கு இறந்த குழந்தை ஒன்று இருந்தது, அதன் முகத்தை மறக்காமலிருக்க. அழித்துவிட்டேன். ஒரு பெண் படம் போடுவதற்கு ஒரு சாவு தேவைப்படுவது எனக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

நல்லுசாமியிடம் அவள் சொல்லவில்லை. கேட்டு மறுத்துவிட்டால் போக முடியாது. கேட்காதவரை மறுப்பும் இல்லை.

4

அவனைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவன் முரடன். குடித்தான். தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டான். எழுத எளிதாக இருந்தது; அதனாலேயே நம்பவில்லை.

ஆகவே இப்படி. அன்று வகுப்பு முடிந்து திரும்பியபோது பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அவளைச் சந்திலேயே மறித்தாள்.

"காய்ச்சக்காரரப் போட்டுட்டு எங்கடி போன?"

"யாரு சொன்னா?"

"கிதர் பாய்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரொட்டி வாங்குறியாமே. நெலவேம்பக் காச்சிக் கொண்டாந்தேன். அப்பத்தான் பட்டறையிலருந்து வந்தாரு. 'மூணு வாரமாக் காய்ச்சலாமேண்ணே, படுக்காமத் திரியுறீக'ன்னேன். செத்த நேரம் என்னையவே பாத்தாரு. 'ஆமாத்தா'ன்னுட்டு ஒரு சொம்பையும் குடிச்சாரு. மொகத்தச் சுளிக்கணுமே, ம்ஹூம்."

மனைவியைப் பொய்க்காரி ஆக்குவதைவிடக் கசாயம் குடிப்பது அவனுக்கு எளிதாக இருந்தது என்று இங்கே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அது பழனியம்மாளுக்கே புரிந்திருக்கும், உங்களுக்கும்.

5

நல்லுசாமி கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தான்.

"எனக்கு எம்புட்டு நாளாக் காய்ச்சல்?"

"மூணு வாரமா."

"கொறஞ்சிருக்கா?"

அவள் சிரிக்கவில்லை.

"சரி, ரொட்டியக் குடு. ஊரே சொல்லுது, ஒரு வாயாவது திங்கணும்ல."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கறுத்து உருண்ட ரொட்டித் துணுக்குகள்.

"இதையா எனக்குன்னு வாங்குன?"

"கரியில படம் போடுறேன். ரப்பர் போட்டா தாளு கிழியும். ரொட்டிய வச்சு ஒத்துனா கோடு போயிரும்."

"போயிருமா?"

"கொஞ்சம் இருக்கும்."

அவன் ஒரு துணுக்கை எடுத்து நசுக்கினான். விரல் கறுத்தது. பட்டறைக் கறுப்பின்மேல் இன்னொரு கறுப்பு.

"வர்ற சனிக்கிழமை கலர்" என்றாள். பிறகு, கேட்டேவிட்டாள். "நான் போகவா?"

6

முடிவுகள்.

அ. "போக வேணாம்." கசாயம் குடித்தவனின் வாயில் இந்தச் சொல் நிற்கவில்லை.

ஆ. "தாராளமாப் போ." இதை எழுதி இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு உறுத்தியது. மூன்று வாரப் பயம் முழுவதும் அவளுடையது. கடைசிச் சொல் மட்டும் அவனுடையதா?

இ. அவன் பதில் சொல்ல வாயெடுக்கிறான். வாசல் வெளிச்சம் அவன் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது. சொம்பிலும் பூசணிக்காயிலும் அவள் தேடிய வெளிச்சம் அதுதான். அவள் தாளை மடியில் விரித்துக் கரியை எடுக்கிறாள்.

"அசையாதீங்க."

"ஏ புள்ள, நான் ஒண்ணு சொல்ல வந்தேன்."

"செத்த நேரம். அப்பறம் சொல்லுங்க."

அவன் அசையாமல் கிடக்கிறான். அவள் அவன் நெற்றியில் தொடங்கி

அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியாது. அவள் அவன் மூக்குவரை வரைந்திருக்கிறாள், நான் அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன். பொறுக்க முடியாவிட்டால் நீங்கள் அவனிடம் கேட்கலாம். ஆனால் அவன் உங்கள் பக்கம் திரும்புவான். முகம் மாறிவிடும்.