கோப்பையில் அகப்படாதது

அமெரிக்காவில் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் கோப்பையில் பிடித்துக் கொடுத்த சிறுநீருக்கு, நாவலூரில் ஏசி அறையில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் பில்லுக்கான நம்பர் போடுவதுதான் ஹஃபீசாவின் வேலை. மெடிக்கல் கோடிங் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இரும்புலியூரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அத்தா பாட்சா, வருகிறவர்களிடம் "பொண்ணு ஆஸ்பத்திரி லைன்ல கீது" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவரும் திருத்துவதில்லை.

அவளுக்கு வருகிற கேஸ்கள் பெரும்பாலும் போதைமருந்துப் பரிசோதனைகள். அவற்றில் இரண்டு வகை உண்டு. கோப்பையில் ஒரு பட்டையை நனைத்துப் பார்ப்பது முதல் வகை. கொஞ்ச நேரத்தில் உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். பெரிய மெஷினில் ஏற்றி, உடம்பில் இருக்கிற மருந்தைப் பேர் பேராகப் பிரித்துப் பார்ப்பது அடுத்தது. அதற்குச் செலவு அதிகம். அதனால் இன்சூரன்ஸ்காரன் மூக்கை நுழைப்பான்: கோப்பையிலேயே இல்லை என்று வந்துவிட்டதே, பிறகு இது எதற்கு? டாக்டர் காரணம் எழுதியிருந்தால்தான் ஹஃபீசா போடுகிற நம்பர் நிற்கும். அவர்கள் அதிகமாக எழுதுவது ஒரே காரணத்தைத்தான்: முதல் பரிசோதனையில் இந்த மருந்து அகப்படாது. அந்த வரியைக் கண்டதும் அவள் விரல் தானாகத் தட்டிவிடும். மனசு மதியச் சாப்பாட்டிலோ வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலோ இருக்கும்.

அந்த வரி ஒருநாள் தன் வீட்டு நடுக்கூடத்தில் வந்து நிற்கும் என்று அவள் எங்கே கண்டாள்.

அவள் தம்பி வாஜித் பொக்லைன் ஓட்டுகிறவன். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஏஜெண்ட் மூலம் பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பட்டறைக் கட்டடத்தின் சொந்தக்காரரும் அத்தாவின் பழைய சிநேகிதருமான தனக்கோடி வந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"பாட்சா, தப்பா எடுத்துக்காத. உன் புள்ள ரயில்வே லைனாண்ட அந்த மாத்திரப் பசங்களோட குந்திகினு கீறான். நானே பாத்தேன்."

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. பாட்சா வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அவரை வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிட்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் மகனைக் கேட்டார். வாஜித் கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"வோணும்னா டெஸ்ட் எடு அத்தா. நானே வரேன்" என்றான்.

மறுநாளே தாம்பரத்தில் ஒரு லேபில் டெஸ்ட் எடுத்தார்கள். ஐந்து மருந்துகளின் பெயர் போட்டு, ஐந்துக்கும் நேராக இல்லை, இல்லை என்றே வந்தது. அன்று மாலை வீட்டார் எல்லோர் முன்னாலும் பாட்சா மகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பட்டறையில் இரும்பையே வளைக்கிற மனிதர், குரல் உடைந்து பேசினார்.

"ஊரான் பேச்சக் கேட்டு உன்ன சந்தேகப்பட்டுட்டேன்டா. அத்தாவ மாப்பு பண்ணிடு."

அம்மா ஷாயிஸ்தா சேமியா பாயசம் வைத்தாள். தனக்கோடியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவரும் வந்து, தலை குனிந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார்.

ஹஃபீசா அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். வீட்டில் மற்றவர்கள் அதில் இருந்ததைப் படித்தார்கள். அவள் இல்லாததைத் தேடினாள். போன மாதம் வாஜித்தின் ஜீன்ஸை வாஷிங் மெஷினில் போடும்போது பையில் ஒரு காலி மாத்திரை அட்டை இருந்தது. கடுமையான வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. அதன் பெயர் ஆபீஸில் அவள் கண்ணில் அடிக்கடி படுவது. கூட வேலை செய்கிறவனுக்கு முதுகுவலி, வாங்கிக் கொடுத்தேன் என்றான் அவன். தம்பி சொல்கிறான், நம்பாமல் என்ன செய்வது என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த மாத்திரை இந்த ஐந்தில் இல்லை. கோப்பையில் நனைக்கிற இந்தப் பட்டைக்கு அது அகப்படவும் செய்யாது. கையிலிருந்த பாயசத்தை அவள் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வாஸ்தவம்தான். ஆனால் பெற்ற மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய், கேட்டதை வாபஸ் வாங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? ரிப்போர்ட் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே திரும்பியிருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது.

விசா வந்துவிட்டது என்று ஏஜெண்ட் போன் செய்த பிறகுதான் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வாஜித்தைக் கவனித்தாள். பட்டப்பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். முன்கையை ஓயாமல் சொறிந்தான். வெளிச்சம் குறைந்த அறையில்கூடக் கண்மணி கடுகு மாதிரி சுருங்கி இருந்தது. அந்த ஊரில் பிடிபட்டால் ஜெயில். பிடிபடாவிட்டால் ஏதோ ஒரு ரூமில், ஒருநாள் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும். அப்படிப் போனவர்களின் கேஸ்களுக்கும் அவள் நம்பர் போட்டிருக்கிறாள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அவனையும் கூப்பிட்டாள். ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல் அங்கே வரை கேட்டது. அந்த இரைச்சல் இருந்ததே நல்லதாகப் போயிற்று.

"எத்தனை நாளாடா போடுற?" என்றாள்.

"இன்னாத்த?"

"அந்த மாத்திரைய."

வாஜித் கொடியிலிருந்த லுங்கியை எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். "டெஸ்ட்லதான் இல்லன்னு வந்துச்சேக்கா."

"அந்த டெஸ்ட்ல அது வராது. உனக்கும் அது தெரியும். தெரியாமயா நீயே டெஸ்ட் எடுன்னு சொல்லுவ? யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்லவில்லை.

"நீதானேக்கா சொன்ன."

ஹஃபீசாவுக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடும்போது, அப்படி இன்னாதான் வேலை உனக்கு என்று அத்தா கேட்டார். எல்லோரையும் சிரிக்க வைக்கலாம் என்று கோப்பைக் கதையை எடுத்துவிட்டாள். சில மாத்திரைகள் கோப்பைக்கே டிமிக்கி கொடுத்துவிடும் என்றாள். எந்த மாத்திரை என்று வாஜித் கேட்டான். வீட்டில் ஒருத்தனாவது தன் வேலையைப் பற்றிக் கேட்கிறானே என்ற சந்தோஷத்தில் பெயரையும் சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. இவள் வாய் தம்பிக்கு ஒளிந்துகொள்ள இடம் காட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"அங்க போய்ட்டா இந்தப் பசங்க இல்ல, மாத்திரையும் இல்ல. தானா வுட்டுருவேன்க்கா" என்றான் அவன்.

"தானா விடுறவன் இங்கயே விட்டிருப்ப. விட்டுப் பாத்தியா?"

அவன் மடித்த லுங்கியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான். "பாத்தேன். ஒடம்பெல்லாம் நடுங்குது. எலும்புக்குள்ள பூந்து கடிக்கிற மாரி கீது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துணிக் குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்கு டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு. தனியாப் போராடுற விஷயம் இல்லடா இது. அத்தாகிட்ட நீயே சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. வாஜித் சொல்லவில்லை. அத்தாவோடு ஜும்மாவுக்குப் போய் வந்து, எதிரே சோற்றுக்கு உட்கார்ந்தான். பாட்சா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டை இழுத்தபோது, அன்று லீவு போட்டிருந்த ஹஃபீசா சொல்லிவிட்டாள். மாத்திரை அட்டை, மொட்டைமாடியில் பேசியது, கோப்பைக் கதையைத் தானே சொன்னது, பெரிய மெஷினில் ஏற்றினால்தான் அது தெரியும் என்பது, எதையும் விடவில்லை.

பாட்சா முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அமெரிக்காக்காரன் மூத்திரத்தையே பாத்துகினு இருந்து உனக்கு எல்லாரும் அப்டியே தெரியுது. ரிப்போர்ட்டு இன்னா பொய்யா சொல்லும்?"

"பொய் இல்ல அத்தா. அஞ்சு மருந்தக் கேட்டாங்க, அஞ்சுக்கும் பதில் சொல்லிச்சு. இதை யாரும் கேக்கவே இல்ல."

"கூடப் பொறந்தவன் மேல இப்டி அபாண்டம் சொல்றியே, உனக்கு அடுக்குமா?" அவர் எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார். "சரி, உன் பெரிய மெஷின்லயே எடுத்துப் பாத்துரலாம். எங்க கீதுன்னு சொல்லு, இப்பவே போறோம். அதுலயும் இல்லன்னு வரட்டும், அப்புறம் கீது உனுக்கு. எழுந்திருடா வாஜித்."

வாஜித் எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"வேணாம் அத்தா. அதுல வரும்."

ஷாயிஸ்தா கையிலிருந்த சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பாட்சா சாவியோடு நின்றார். அடிப்பாரோ என்று ஹஃபீசா இருவருக்கும் நடுவில் ஓரடி நகர்ந்தாள். அவர் அடிக்கவில்லை. மகன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அவனுடைய முன்கையைத் தூக்கி, சொறிந்து சொறிந்து சிவந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"வலிக்குதாடா?" என்றார்.

வாஜித் அதற்குத்தான் அழுதான். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, வாய்விட்டு அழுதான். அவன் அழுது ஓய்கிற வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை. பிறகு ஹஃபீசாவைப் பார்க்காமலே பேசினார்.

"ஏஜெண்டுக்குப் போன் போடு. புள்ள வரலன்னு சொல்லிடு."

"ஏன்னு கேப்பாங்களே அத்தா. என்ன காரணம் சொல்லட்டும்?"

பாட்சா கையிலிருந்த வண்டிச் சாவியைத் தரையில் வைத்தார்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லு" என்றார். "அதுல பொய் ஒண்ணும் இல்ல."