இரண்டு வேட்டு, பிறகு ஒன்று

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை என்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை. எங்கள் வழக்கப்படி வாசலில் நட்டிருந்த வாழைத்தண்டை ஒரே வெட்டில் சாய்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்தவர், நேராகப் பார்த்தது சுவரை. சுவரில் என் அண்ணன் குசாலப்பாவின் ரைஃபிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் அண்ணன் வாங்கியது. அரிசி தூவி வாழ்த்த வந்த பெண்களெல்லாம், மாப்பிள்ளை வெட்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தானே தெரியும்.

அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம், என் பிறந்த வீட்டுக்கு என்னைவிட அவர்தான் ஆசையாகக் கிளம்புவார். போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள், "மச்சான், அதைக் கொஞ்சம் இறக்கேன்" என்பார். மடியில் வைத்துத் தடவுவார். காப்பி ஆறிப் போகும். அண்ணன் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், லேசில் மசிய மாட்டார். "தங்கச்சியையே கொடுத்துட்டேன், இன்னும் என்னடா வேணும் உனக்கு?" என்பார்.

இந்த வருஷ மழையில் அண்ணனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்கு நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டு மோட்டார் பைக்கின் மேல் அவர் கண் விழுந்தது. பைக்கும், மேலே போட்டுக் கொஞ்சம் பணமும் கொடுத்து, என் வீட்டுக்காரர் மாச்சய்யா கடைசியில் ரைஃபிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பைக்கில் போனவர், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மைல் மழையில் நடந்து வந்தார். தலை நனைந்திருந்தது, துப்பாக்கி நனையவில்லை. தன் சட்டையைக் கழற்றி அதற்குச் சுற்றியிருந்தார்.

எனக்குக் கோபம்தான். சந்தைக்கு இனி பின்சீட்டில் உட்கார்ந்து போக முடியாது. ஆனால் அன்று ராத்திரி அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. பன்றிக்கறியும், கடம்புட்டு என்கிற அரிசி உருண்டையும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சந்தோஷம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் பக்கம் நின்று, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"தெச்சி, இங்க வா. உள்ள மங்கலா இருக்கு."

"எண்ணெயா இருக்கும். துடைங்க."

துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. மறுபடி பார்த்தார். "இல்ல. பனி படிஞ்ச மாதிரி இருக்கு. துரு அரிச்சிருக்கு. உங்க அண்ணன் மூடி மறைச்சு என் தலையில கட்டிட்டான்."

நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளே வளையம் வளையமாக, புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம்போலப் பளபளவென்றிருந்தது. சொன்னேன். "உனக்கு என்ன தெரியும்" என்றார். மூன்று வருஷம் கைல்போத் என்கிற எங்கள் ஆயுதப் பண்டிகையில், பெண்களுக்கான போட்டியில் தேங்காயைச் சுட்டு உடைத்தவள் நான். எனக்கு என்ன தெரியுமாம்.

எனக்கு வேறொன்றும் தெரியும். மாசி மாசத்திலிருந்தே அவர் காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். வேலியில் காயப்போட்ட கம்பளியைப் பார்த்து, "யாருங்க, ஏன் அங்கேயே நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "மாச்சய்யாவுக்குக் கண்ணாடியா? ஊர் சிரிக்கும்" என்பார். கைல்போத் அன்று உச்சாணிக் கிளையில் கட்டின தேங்காயைச் சுட, எங்கள் ஊரில் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அந்தப் பேரை விட்டால் அவருக்கு வேறு சொத்து கிடையாது. இருக்கிற காப்பித் தோட்டத்தை அவர் சொத்தாகவே நினைத்ததில்லை.

பண்டிகைக்கு எட்டு நாள் இருந்தது. அவருக்குத் தூக்கம் போனது. துப்பாக்கியின் மரக்கட்டையில் கீறல் இருக்கிறதா என்று தடவுவார். போல்ட்டை இழுத்துச் சத்தம் கேட்பார். நுனியில் இருக்கும் குறிமுள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார். சாப்பாட்டு மேஜையில் அண்ணன் பேச்சு எடுத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். வாங்காமல் இருந்த இருபத்தேழு வருஷமும் அந்தத் துப்பாக்கி அவருக்குச் சந்தோஷம் கொடுத்தது. வாங்கியபிறகு இப்படி. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அண்ணனை நினைத்தால் கவலையாக இருந்தது.

வெயில் தலைகாட்டிய ஒரு காலை, "சுட்டுப் பார்த்துடுறேன்" என்று எழுந்தார். பைக் இருந்தால் காட்டோரம் போயிருப்பார். இப்போது வீட்டு முற்றம்தான் கதி. வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டை ஒட்டி நிற்கிற பலாமரத்தில் ஒரு தேங்காயைக் கட்டிவிட்டு வந்தார்.

"ஒண்ணு சுட்டா, வெத்தலை போட்டு மென்னு முடிக்கிற நேரம் விட்டு அடுத்ததைச் சுடுங்க" என்றேன். "அடுத்தடுத்து ரெண்டு போட்டீங்கன்னா சாவு விழுந்துடுச்சுன்னு ஊரே வந்து நிக்கும்."

"ஒண்ணு மட்டும் சுட்டா?"

"பையன் பொறந்திருக்கான்னு வருவாங்க."

"உனக்கு நாப்பத்தெட்டு வயசு. எவன் நம்புவான்" என்று சொல்லி, ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

என் மாமனார் சோமய்யா நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, கையில் காப்பியோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். அவருக்கு எண்பத்தாறு.

மாச்சய்யா சுட்டார். மலை அதிர்ந்தது. பலாமரத்திலிருந்து கிளிகள் கிளம்பின. தேங்காய் அப்படியே இருந்தது. அவர் முகம் செத்துப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை தானாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளியது, இரண்டாவது வேட்டும் கிளம்பிவிட்டது. தேங்காய் ஆடக்கூட இல்லை.

மாமனார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "என்னைக் கொன்னுட்டியேடா" என்றார்.

மழையில் டெலிபோன் கம்பி விழுந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது, யாரிடமும் தகவல் சொல்ல வழியில்லை. அரை மணி நேரத்தில் சந்துவழியே வெள்ளை வெள்ளையாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்துத் தோட்டத்து உத்தய்யாவும் அவர் மனைவியும். அந்தம்மா வாசலிலேயே அழுகையை எடுத்துவிட்டாள். "சோமய்யா மாமா, ஊருக்கே நிழலா இருந்தீங்களே" என்று பாதி சொன்னபோதுதான் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"சொல்லு, சொல்லு" என்றார் மாமனார். "நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது."

உத்தய்யா நெளிந்தார். அவரையும் மாமனார் விடவில்லை. "வேலித் தகராறைத் தீர்க்க வாடான்னு நாலு தடவை ஆள் அனுப்பினேன். கால் வலின்னே. சாவுன்னா மட்டும் கால் வருதோ?"

முற்றத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். அழ வந்தவர்கள் எல்லாரும் மாமனாரிடம் வரிசையாக நின்று திட்டு வாங்கினார்கள். அவருக்கு அப்படியொரு கொண்டாட்டம். அந்தச் சமயத்தில்தான் பைக் சத்தம் கேட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் அப்படியே வண்டி மேல் சாய்ந்துவிட்டார்.

"தெச்சி, உனக்குத்தான் ஏதோன்னு வழியெல்லாம்…" என்றார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்தா மாச்சய்யா ஆரம்பிக்க வேண்டும்? "சாகலை மச்சான், யாரும் சாகலை. செத்தது உன் துப்பாக்கிதான். ரெண்டு தோட்டா போட்டேன். ஒண்ணும் படலை. குழல் போயிடுச்சு, அது உனக்கு முன்னாடியே தெரியும்."

அண்ணன் முகம் சிவந்தது. பைக் சாவியை எடுத்து மாமனாரின் காப்பித் தம்ளர் பக்கத்தில் வைத்தார். "எடுத்துக்க. பணத்தையும் அனுப்பிடுறேன். துப்பாக்கியைக் கொடு. நான் ஏமாத்துக்காரன்னு முப்பது பேர் முன்னாடி சொல்லிட்டே."

"அவசரப்படாதீங்கடா" என்றார் மாமனார். "குசாலப்பா, நீ ஒண்ணு சுட்டுக் காட்டு."

"அவன் சுட்டா படும்" என்றார் என் வீட்டுக்காரர். "அதோட கோணல் அவனுக்குப் பழக்கம்."

மாமனார் சுற்றிப் பார்த்தார். பார்வை என் மேல் நின்றது. "தெச்சி சுடட்டும். அவ இதுல சுட்டதே இல்லை."

வயலுக்கு அந்தப் பக்கம் தேங்காய் தெளிவாகத் தெரிந்தது. அதன் குடுமிகூடத் தெரிந்தது. நான் குறி தப்பினால் எல்லாம் சுலபமாக முடியும். குழல்தான் கெட்டது என்றாகும். பைக் வீட்டுக்கு வரும். இவர் கண்ணைப் பற்றி ஒரு ஆளுக்கும் தெரியாது. அண்ணன் மட்டும் கெட்ட பேரோடு நடந்து வீட்டுக்குப் போவார். குறி பட்டால், மாச்சய்யாவுக்குக் கண் போய்விட்டது என்று முப்பது பேர் பார்ப்பார்கள், சாயங்காலத்துக்குள் நாபோக்லு சந்தை முழுக்கத் தெரிந்துவிடும்.

மாச்சய்யா ரைஃபிளை என்னிடம் கொடுத்தார். கொடுத்த கை உடனே விலகவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டர் கையில் கொடுப்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் வீம்பு இல்லை, பைக் இல்லை. துப்பாக்கி நன்றாக இருக்க வேண்டுமே என்பது மட்டும்தான் இருந்தது. கல்யாணத்தன்று சுவரைப் பார்த்த அதே முகம். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்றைக்கு வரவில்லை.

கட்டையைத் தோளில் அழுத்தி, மூச்சை விட்டு, விசையை இழுத்தேன்.

தேங்காய் வெடித்துத் தண்ணீர் வெயிலில் சிதறியது. ஒரு ஓடு மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. உத்தய்யாதான் மெதுவாக, "அப்படின்னா கோளாறு…" என்று இழுத்தார். அவர் மனைவி அவரை இடித்தாள்.

நான் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன். மாச்சய்யா வந்து என் கையிலிருந்து ரைஃபிளை வாங்கினார். குழலைத் தொட்டார், சூடாக இருந்தது, கையை எடுக்கவில்லை.

"பட்டுச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

"பட்டுச்சு. நடுவுல."

"நல்லா இருக்கா, தெச்சி?"

"நல்லா இருக்கு. அண்ணன் வீட்ல இருந்து வந்தது எதுவும் சோடை போகலை."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தன் கண் போனது ஊருக்கே தெரிந்துவிட்ட ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் சட்டைப் பையில் போட்டார். "மச்சான், நாக்கு நீண்டுடுச்சு. நாலு அடி அடி, ஆனா திருப்பி மட்டும் கேக்காதே" என்றார். அண்ணன் கையை ஓங்கினார், முதுகில் ஒன்று வைத்தார், அப்புறம் அந்தக் கையை அங்கேயே போட்டுக்கொண்டார்.

சாவுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசிமாவில் அக்கி ரொட்டி சுட நாலு பெண்கள் உள்ளே வந்தார்கள். மாமனார், தன் சாவுச் சாப்பாட்டில் கறி காரம் பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

எல்லாரும் கை கழுவும் நேரத்தில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து போஜம்மா சின்னம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். இரண்டு வேட்டு கேட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு படகுத்துறைவரை வந்திருக்கிறாள். அங்கே ஒற்றை வேட்டு கேட்டிருக்கிறது. திரும்ப வீட்டுக்குப் போய்ச் சிவப்புச் சேலை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு பாட்டில் தேனோடு மறுபடி கிளம்பி வந்திருக்கிறாள்.

"ஒரே காலையில சாவும் பொறப்புமா? யாருக்குடா பொறந்தது?" என்று கேட்டுக்கொண்டே என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள்.

மாச்சய்யா ரைஃபிளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்து அவள் முன்னால் போய் நின்றார்.

"எனக்குத்தான், சின்னம்மா. பையன். நாலு கிலோ இருக்கான்" என்றார். "நல்லவேளை, கண்ணு மட்டும் அப்பனைக் கொண்டு பொறக்கலை."

சொல்லிவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான். சின்னம்மா தேன் பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.