குறுக்குக் கிளை

ஷைஜு ஓவியப் பலகையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வியூபாயின்ட்டில் தொப்பியும் ஏலக்காயும் தேயிலைத் தூளும் விற்கும் கடை அவனுடையது. மாரீஸ்வரன் வரையும் மலைக் காட்சிகளும் அங்கேதான் தொங்கின.

"மலை கொள்ளாம், நல்லா வந்திருக்கு. மஞ்சும் கொள்ளாம். மரம் மட்டும் செத்துக் கெடக்கு, மாரியண்ணா."

"எது?"

"எல்லாம்தான். சட்டை மாட்டுற ஸ்டாண்டு மாதிரி நிக்குது."

பிறகு விஷயத்தைச் சொன்னான். மேலே ஒரு ரிசார்ட்டில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கக் காடு வரைய ஆள் தேடுகிறார்கள். மேனேஜர் ஜின்சி அவனுக்குத் தெரிந்தவள். வரைந்தது பிடித்துப்போனால் அங்கேயே வேலை உண்டு. குடும்பத்தோடு தங்க வீடும் தருவார்கள்.

"வீடா?"

"வீடுதான். ஒத்த மரம் வரைஞ்சு கொண்டா. மழைக்கு ரிசார்ட்டை மூடுறதுக்குள்ள."

மாரீஸ்வரன் எஸ்டேட்டில் கவாத்து வெட்டுபவன். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி மறுபடி தளிர்க்க விடும் வேலை. தொழிலாளர் வரிசையில் இருந்த லயத்து வீடு அந்த வேலைக்காகத் தரப்பட்டது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது எஸ்டேட்டில் இருக்க வேண்டும். இடுப்பு போய் மனைவி முருகேஸ்வரி கொழுந்தெடுப்பதை விட்டபின் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெயர் போனால் சாவியைக் கொடுக்க வேண்டும். வேறு வீடு எந்த ஊரிலும் இல்லை.

அன்று மாலை ஒரு மரம் வரைந்தான். ஷைஜு சொன்னது சரி என்று தெரிந்தது. காரணம் தெரியவில்லை. இலையை அடர்த்தியாக்கினான். நிழலைக் கறுப்பாக்கினான். மரம் எழுந்திருக்கவில்லை.

முருகேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுவும் கவாத்து வெட்டுன செடிதானே?"

"மரம்டி."

"மரமாம். ஒரு கிளையாவது இன்னொண்ணத் தொடுதா பாருங்க. உள்ள போறது இல்ல. குறுக்க ஓடுறது இல்ல. பட்டுப்போனது இல்ல. சூப்பர்வைசரு பாத்தா கைதட்டுவாரு."

பலகையைத் தள்ளி வைத்துப் பார்த்தான். குறுக்கே ஓடுவதை எடு, உள்ளே திரும்புவதை எடு, பட்டதை எடு, நடுவைத் திற. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்தது. இத்தனை வருடம் கத்தியால் செய்ததைத் தூரிகையாலும் செய்திருந்தான்.

வெட்டாத மரத்தைத் தேடினான். தோட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கையும் வருடாவருடம் கிளை கழித்துவிடுவார்கள். வனத்துக்குள் போக அனுமதி இல்லை. ஓடைக்கு அப்பால், மண் சரிந்தபின் எஸ்டேட் கைவிட்ட பழைய தேயிலைச் சரிவு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனான்.

தேயிலை மரமாகி நின்றது. அப்படி வளரும் என்று அவனுக்குத் தெரியும். பார்த்ததில்லை. அடிமரத்தில் பாசி. ஒன்றின் கிளை மற்றொன்றின் கிளையில் சாய்ந்து, உரசி, உரசிய இடத்தில் காய்ப்பு ஏறியிருந்தது. பட்ட கிளைகளை யாரும் எடுக்கவில்லை. அவை உயிருள்ள கிளைகளின் மேல் படுத்திருந்தன.

ஒரு மரத்தின் எதிரே உட்கார்ந்தான். இலையை விட்டுவிட்டு, இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தை முதலில் வைத்தான். அது உதவியது. கிளைதான் வரவில்லை. உள்ளே திரும்ப வேண்டிய இடத்தில் கை தானாக நின்றது. கட்டாயப்படுத்தினால் கோடு நடுங்கியது.

தூரிகையை இடது கைக்கு மாற்றினான். இடது கை கத்தி பிடித்ததில்லை. கிளையைத்தான் பிடித்திருக்கிறது. கோடு கோணலாகப் போனது. ஒரு கிளை இன்னொன்றின் குறுக்கே ஏறியது. அவன் தடுக்கவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அடிமரமும் கீழ்ப்பாதியும் முடிந்தன. முதல் முறையாக, அவன் வரைந்த மரத்துக்குள் இருட்டு இருந்தது.

மேல்பாதியைத் தொடங்குமுன் காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில் வீரபாண்டி வேலை பிரித்தார். சூப்பர்வைசர்.

"ஓடைக்கு அங்கிட்டு கெடக்குற காட்டத் திருப்பி எடுக்குறாங்க. நாளையில இருந்து வெட்டு. மாரி, நீயும்தான்."

"அண்ணே, எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்."

"கவாத்து நேரத்துலயா? எதுக்குடா?"

"ஒரு மரம் வரையணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீரபாண்டி சிரிக்கவில்லை.

"வரை. வரைஞ்சு முடிச்சிட்டு அந்த மரத்துலயே குடியிரு. பேர அடிச்சா சாவியக் கேப்பாங்க, தெரியும்ல?"

தெரியும்.

மரங்கள் தடித்திருந்ததால் ரம்பம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் மூச்சுக்கு ஒரு கிளையை விட வேண்டும், எல்லாவற்றையும் எடுத்தால் வேர் செத்துவிடும் என்றார் வீரபாண்டி. எதை விடுவது என்பது வெட்டுகிறவன் பொறுப்பு. அவனுடைய மரம் அவனுடைய வரிசையிலேயே வந்தது. நேராக நின்ற ஒரு கிளையை விட்டான். மற்றதை எடுத்தான். வேலை சுத்தமாக இருந்தது.

வெட்டிய கட்டைகளை அவரவர் விறகுக்குக் கொண்டுபோகலாம். அது எஸ்டேட் வழக்கம். மாரீஸ்வரன் மரத்தின் மேல்பகுதியைத் துண்டாக்காமல் இழுத்துக்கொண்டு வந்தான்.

"துண்டு போட்டுக் கொண்டாரக் கூடாதா?" என்றாள் முருகேஸ்வரி.

"வரைஞ்சிட்டுத் துண்டு போடுறேன்."

வெளியே மழை. கிளைகளை உள்ளே கொண்டுவந்து, அவை இருந்த மாதிரியே ஒன்றன் குறுக்கே ஒன்றாகச் சுவரில் சாய்த்துக் கட்டினான். இருந்த ஒரே அறை நிறைந்தது. சமையலுக்குக் குனிந்து போக வேண்டியிருந்தது. படுத்தால் முகத்துக்கு மேல் இலை.

"காட்டுல குடியிருக்கணும்னு ஆசைப்பட்டேன்னு எந்தப் பாவி ஒங்ககிட்டச் சொன்னது?" என்றாள்.

இடது கையால் வரைந்தான். இலை வாடுவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. மழையில் மற்ற விறகு நனைந்துவிட்டதால் அவள் கீழிருந்து ஒவ்வொரு கிளையாக ஒடித்து அடுப்பில் வைத்தாள். முதலில் அவனைக் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அவன் வரைந்த கிளையை அவள் எடுத்தாள். அப்படி ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. நுனிக்கு அவன் போனபோது அறையில் நுனி மட்டும் இருந்தது.

ஷைஜு பலகையை மறுபடி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"இது மரம்," என்றான். போட்டோ எடுத்து ஜின்சிக்கு அனுப்பினான். அவள் உடனே கூப்பிட்டாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மரம் நல்லா இருக்கு ஷைஜு. மேல ஏன் வளைஞ்சிருக்கு? ஏதோ இடிச்ச மாதிரி?"

மாரீஸ்வரன் பலகையைப் பார்த்தான். மேல் கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில் மடங்கிப் பக்கவாட்டில் போயிருந்தன. அதற்கு மேல் வானம் நிறைய வரைந்திருந்தான். ஒரு கிளையும் அங்கே போகவில்லை. லயத்து வீட்டின் கூரை இருந்த உயரம் அது.

"மாத்திக் கொண்டாரேன்," என்றான்.

"நேரமில்லை சேட்டா. திங்கக்கிழமை ரிசார்ட்டை மூடிட்டுச் சுவர் வேலை தொடங்கணும். அச்சடிச்ச காடு ரோல்ல வருது. அதையே ஒட்டிரலாம்னு முதலாளி சொல்றாரு."

ஷைஜு போனை அணைத்தான். "பலகை இங்க இருக்கட்டும். யாராச்சும் வாங்குவாங்க."

"வேண்டாம்," என்றான் மாரீஸ்வரன். வீட்டுக்கு எடுத்துப் போனான். முருகேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சி ஊற்றினாள். அறை காலியாக இருந்தது. நிமிர்ந்து நடக்க முடிந்தது.

திங்கட்கிழமை சரிவில் மீதி வரிசைகளை வெட்டினார்கள். மழை சாய்ந்து அடித்தது. ஒரு மரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குறுக்கே ஓடிய ஒரு கிளையை மட்டும் விட்டான். வீரபாண்டி வந்து நின்றார்.

"விடுறதுதான் விடுற, நேரா நிக்கிறத விடக் கூடாதா? போக எடமில்லாமக் கோணிப்போனது அது."

"இப்ப எடம் இருக்குண்ணே."

"நட்டுவச்சுக் கும்பிடு," என்றார். ஆனால் வெட்டச் சொல்லவில்லை.

கிளையின் நுனி எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்த்தான். கண்ணில் மழை விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்குமுன் வீரபாண்டி அடுத்த வரிசையைக் காட்டினார்.