அக்காவுக்கு மட்டும் கேட்ட சீழ்க்கை

1

இந்தக் கதை சாப்பாட்டுத் தட்டில் பிறந்தது. அக்கா பிசைந்த கையோடு நிறுத்தி, "ஹெல்மெட்டுக்குள்ள ஒரு சீழ்க்கை. ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க ஏறுது" என்றாள்.

அவள் பார்சல்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். மோட்டார் சைக்கிள் கம்பெனியுடையது. கைப்பிடியில் அவளுடைய போன். அதிலிருந்து சீட்டுக்கடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு ஒயர். அங்கிருந்து ஹெல்மெட்டுக்குள் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். போன் வழி சொல்லும், அவள் போவாள்.

நான் உடனே எழுதினேன்: இறந்துபோன ஒருவன் அவளுடைய ஹெல்மெட்டுக்குள் பேச முயன்று

(நிறுத்திவிட்டேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்தால் இப்படித்தான் ஆகும். தூரதேசங்களில் ரேடியோ கரகரத்தால் யாராவது வந்தே தீருவார்கள்.)

அக்கா வாசித்துவிட்டுச் சொன்னாள்: "செத்தவங்களை எல்லாம் என் ஹெல்மெட்ல ஏத்தாதடி. ஏற்கெனவே இறுக்கமா இருக்கு."

2

கதைக்கு எதிராளி வேண்டும். இருக்கிறார்கள், மூன்று பேர்.

கம்பெனி மெக்கானிக் ஹெல்மெட்டை மாட்டி ஒரு சுற்று போய்வந்தார். "சுத்தமா இருக்கும்மா." அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தெருக்கோடி வரை போய்வந்தார். "பாட்டு தேன் மாதிரி வருது. உனக்கு ஏன் இப்படிக் கேக்குது?" கடைசியில் சூப்பர்வைசர். அவரும் ஓட்டினார், இறங்கினார்.

"காதை ஒரு தடவை காமிச்சிரும்மா. நல்லாருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா ஓட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை சாவியைக் குடுத்துரு. ஹாரன் கேக்காத ஆளை ரோட்ல விட முடியாது."

"ஹாரன் நல்லா கேக்குது சார். நீங்க முணுமுணுக்கிறதும் கேக்குது."

(இந்த வசனம் என்னுடையது என்று நினைத்தால் தவறு. எனக்கு இவ்வளவு வாய் கிடையாது.)

3

இங்கே ஓர் ஆசை வந்தது. ஒருவேளை அவள் காதிலேயே கோளாறு என்று வைத்தால்? சொல்வதை நம்ப முடியாத கதாபாத்திரம், ஆழமான கதை. விமர்சகர்கள் விரும்புவார்கள்.

"போய் டெஸ்ட்தான் எடுத்துடேன்க்கா" என்றேன். கதைக்காகத்தான்.

"வண்டியில கோளாறுன்னு நான் சொல்றேன். அவங்க என் காதைத் திறக்கச் சொல்றாங்க. முதல்ல வண்டியைத் திறப்போம்."

கதாபாத்திரம் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. ஆழம் போனது. எழுத்தாளர் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொடுக்கப் போனார்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹெட்லைட்டை அணைத்தாள்; சீழ்க்கை இருந்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து போன் ஒயரைப் பிடுங்கினாள், நின்றது. "அப்போ ஒயர் வழியாத்தான் உள்ள வருது." ஒயரை மாற்றினாள், திரும்ப வந்தது. போனுக்கு வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றும் கேபிளைக் கழற்றினாள்.

சீழ்க்கை நின்றது. மறுபடி செருகினாள். கழற்றினாள். ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்துவிட்டுச் செருகினாள்.

வீ என்று ஒன்று என் மண்டைக்குள் ஏறியது. யாரும் இறந்திருக்கவில்லை. போனும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பேட்டரியில் மின்சாரம் குடிக்கின்றன, நடுவே பாட்டு ஒயர் வேறு. மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். இன்ஜின் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போது எழும் இரைச்சல் அந்த வளையத்தில் புகுந்துகொள்கிறது.

"அப்ப அவங்களுக்கு ஏன் கேக்கலை?"

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். "மரியாதைடி. பொம்பளை போனைத் தொடக்கூடாதுன்னு மெக்கானிக் கழட்டிக் கையில குடுத்தார். சூப்பர்வைசரும் அப்படியே. உங்க மாமாவுக்கு அவர் போன்ல இருக்கிற பாட்டுதான் பாட்டு. மூணு பேரும் என் கேபிளைக் கழட்டிட்டு, சொந்தப் போனை சார்ஜ் போடாம மாட்டி, ஒண்ணும் இல்லைன்னாங்க. கோளாறைக் கழட்டி என்கிட்டயே குடுத்துட்டு, கோளாறைத் தேடியிருக்காங்க."

மாமா கதவோரம் நின்று கேட்டார். "சரி, அந்தக் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டு. விட்டுத் தொலை."

"சத்தம் போயிடும். காது கோளாறுங்கிற பேச்சு போகுமா?"

மாமா உள்ளே போய்விட்டார்.

5

திங்கட்கிழமை, கிடங்கு முற்றம். பார்சல் அடுக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். அக்கா தன் போனைப் பொருத்தி, சார்ஜ் கேபிளைச் செருகி, வண்டியைக் கிளப்பினாள். ஹெல்மெட்டை சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.

"போனைத் தொட வேண்டாம் சார். தலையை மட்டும் குடுங்க."

முடிவு ஒன்று: அவருக்குக் கேட்கிறது, மன்னிப்புக் கேட்கிறார். அக்கா இதைப் படித்துவிட்டு, "அவர் யாரு, உன் நாவல்ல வர்ற ஆளா?" என்றாள்.

முடிவு இரண்டு: கேட்கிறது, ஆனாலும் எல்லார் முன்னாலும் "ஒண்ணும் கேக்கலையே" என்கிறார். அவள் சாவியை

இல்லை. இரண்டையும் எழுத மாட்டேன். இரண்டிலும் அக்காவின் காது அந்த ஆளின் வாயில் இருக்கிறது.

அதனால் அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். ஹெல்மெட் இப்போது உங்கள் தலையில். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். அக்கா ஆக்சிலேட்டரை முறுக்குகிறாள். என்ன கேட்கிறதோ, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். கேட்கவில்லை என்றும் சொல்லலாம், உங்கள் விருப்பம். அவள் அதற்காக வண்டியை அணைக்கப் போவதில்லை.