டச்சுக்கும் பஷ்தோவுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில்

1

விருதுநகர் மாவட்டத்தில் டச்சு மொழியையும் பஷ்தோ மொழியையும் ஒப்பிட்டு எழுதும் தகுதி படைத்த ஒரே மனிதன் நான். தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன். இரண்டு மொழியும் எனக்குத் தெரியாது. ஆகவே எந்தப் பக்கமும் சாயமாட்டேன்.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிருஷ்ணன்கோவிலில் நான் படிக்கும் கல்லூரியின் ஆண்டு மலருக்கு என் வகுப்புத் தோழன் வேல்பாண்டி கட்டுரை கேட்டான்.

"ரெண்டு பக்கம் காலியா கெடக்குலே தனுசு. யாருக்கும் வெளங்காத மாதிரி எழுதிக் குடு. வெளங்கலன்னா யாரும் கை வைக்க மாட்டாங்க."

கல்லூரிப் பேருந்து வன்னியம்பட்டி விலக்கில் என்னை இறக்கிவிடுவதற்குள் தலைப்பு கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் புழங்கும் மொழிகள் இந்த இரண்டும்தான். தமிழ் பொங்கலோடு நின்றுபோயிற்று.

2

தொடக்கம் ஒன்று: ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த

(கொட்டவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாதவன்தான் மழையில் தொடங்குவான்.)

தொடக்கம் இரண்டு: காதல் என்னும் அந்த

(இதை என் அக்கா கார்த்திகா வாசித்தால் செருப்பு பறக்கும்.)

தொடக்கம் மூன்று. அலங்காரம் இல்லாமல்: பொங்கல் முடிந்த கையோடு கார்த்திகா, ராஜபாளையத்துக் கௌதம்ராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் நெதர்லாந்துக் குடிமகன் ஆகி சில வருடம் ஆகிறது. மனைவி அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் டெல்லியில் தூதரகத்தில் டச்சுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். கணினி கேள்வி கேட்கும். இவள் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியோடு டச்சு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பா சோணைமுத்து துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆப்கானிஸ்தானில், ஜலாலாபாத் நகரத்தில், நம் துணைத் தூதரக வாசலில் இரண்டு வருடம் காவல் நின்றபோது, கூட நின்ற உள்ளூர்க்காரர்களிடம் பஷ்தோ பழகியவர். இந்தக் கல்யாணத்துக்கு அவர் சொன்ன ஆட்சேபம் ஒன்றே ஒன்று.

"அவிய வீட்டுல தெலுங்கு பேசுதாங்க. நாளைக்கு நாம போய் உக்காந்தா, நம்மளப் பத்தி என்ன பேசுதாங்கன்னு ஒரு எழவும் வெளங்காது."

ஜலாலாபாத்தில் விளங்கியது. பதினைந்து நிமிடப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ராஜபாளையம் விளங்காது.

3

அன்றிலிருந்து அப்பாவும் அக்காவும் பேசுவதில்லை. எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பேச்சு விட்டுப்போனவர்கள் வீட்டை விட்டுப் போகமாட்டார்கள். ஒரே சோற்றுப்பானைதான், ஒரே டிவிதான். இடையில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்வார்கள். அம்மா இதில் சேராமல் ஒதுங்கிக்கொண்டதால், எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

"ஏலே, கரண்டு போகப்போவுதாம். மோட்டார் போடணும்னா இப்பவே போடச் சொல்லு."

"நேத்தே தொட்டி நெறஞ்சிருச்சுன்னு சொல்லுலே."

இருவருக்கும் இடையே ஒரு கை தூரம். நான் சமையலறையில் இருப்பேன். சத்தம் போட்டு என்னைக் கூப்பிட்டு, நான் வந்து நின்ற பிறகு, என்னைப் பார்த்துச் சொல்வார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று வேல்பாண்டியிடம் பீற்றிக்கொண்டேன். வாய் இருக்கிறது, காது இருக்கிறது, நேராகக் கேட்பதற்கு என்ன கேடு? இந்த வழக்கத்தைக் கிழித்துத் தொங்கவிட ஒரு முழுப் பத்தியை எழுதியும் வைத்திருந்தேன். (இப்போது அது இங்கே இல்லை. காரணம் கடைசியில் தெரியும்.)

4

கட்டுரை என்று சொல்லிவிட்டு ஒப்பிடாமல் போனால் வேல்பாண்டி விடமாட்டான்.

பஷ்தோவில் நம் 'ட' உண்டு, 'ண' உண்டு. டச்சில் கிடையாது. அடித்தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரும் ஓர் ஒலி இரண்டிலும் உண்டு. கார்த்திகா அதைப் பழகிய வாரத்தில், எதிர் வீட்டுக் கருத்தம்மாள் அக்கா தூதுவளை ரசம் கொடுத்துவிட்டார்.

டச்சுக்காரர்கள் கஷ்டத்தில் இருப்பவரிடம் 'ஸ்தெர்க்த' என்பார்களாம். வலிமை உண்டாகட்டும். பஷ்தோவில் எதிரே வருபவரிடம் 'ஸ்தடே மஷே' என்பார்கள். களைத்துப்போகாமல் இரு. அதற்குப் பதில், 'க்வார் மஷே'. நொந்துபோகாமல் இரு.*

(*இந்த ஒரு வணக்கத்தை மட்டும் அப்பா எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். மற்ற பஷ்தோவெல்லாம் மாட்டிடம்தான்.)

முடிவுரை: இரு மொழிகளும்

(இங்கே நிறுத்திவிட்டேன். கட்டுரை செத்துக்கிடந்தது. கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடு வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது.)

5

டெல்லிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மாதிரித் தேர்வில் மறுபடியும் தோற்று, கார்த்திகா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, அப்பா எதும் சொன்னாவளா?"

சொல்லவில்லை. தூதுவன் என்றால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் எழுத்தாளன்.

"ஸ்தடே மஷேன்னு சொல்லச் சொன்னாரு."

அவள் என்னையே பார்த்தாள். "நெசமாவா?"

"நான் எதுக்குக்கா பொய் சொல்லப்போறேன்?"

அப்பா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகா நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். என் வழியாக இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்து, "க்வார் மஷே" என்றாள்.

அப்பா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"நீ சொன்னியால?"

நான் குனிந்து அந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இந்த ஒத்த வார்த்தைய ஸ்டேஷன்ல வச்சு அவகிட்ட சொல்லணும்னு வச்சிருந்தேன். இம்புட்டு நாளா வச்சிருந்தேன். அதையும் நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டியேல."

கார்த்திகாவின் முகம் மாறியது. "அப்ப, அப்பா சொல்லலியா?" என்று என்னிடம் கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அப்பாவும் அன்றோடு என்னிடம் பேச்சை விட்டார். ஒரு வார்த்தையில் இரண்டு பேரையும் முடித்த பெருமை எனக்கு உண்டு.

6

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையம். சாயங்காலம். கார்த்திகாவோடு டெல்லிவரை போகும் மாமியார் ராஜபாளையத்திலேயே ஏறியிருந்தார். வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "ரா ரா, தொந்தரகா ரா" என்று சீக்கிரம் வரச் சொல்லித் தெலுங்கில் கூப்பிட்டார். அப்பாவுக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். கார்த்திகாவுக்கு முன்பே அவர் எட்டு வைத்து நடந்தார்.

பெட்டி என் தலையில் இருந்தது. இறக்கச் சொல்ல வேண்டும். என்னிடம் பேசவும் கூடாது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா வரவில்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"ஏட்டி, அவன்கிட்ட சொல்லு. பெட்டியப் பைய எறக்கணுமாம், சக்கரம் ஒடஞ்சிரும்னு."

பொங்கலுக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் இது. நான் அதில் பெட்டி தூக்குபவனாக வருகிறேன்.

"சொன்னா கேக்க மாட்டான்ப்பா. அவனுக்கு எல்லாம் தெரியும்" என்றாள் அவள்.

"தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்லு."

"அதையாச்சும் பொய் சொல்லாம வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். நடுவில் நின்ற எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. போனேன். கடையில் கூட்டம். பாட்டிலோடு ஓடி வந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. வாசலில் கார்த்திகா. நடைமேடையில் அப்பா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அது பஷ்தோவா, டச்சா, வெறும் தொண்டையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

7

முடிவு (அ): நான் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது அப்பா அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொன்னார்.

முடிவு (ஆ): நான் அதைக் கெடுத்துவிட்டதால் வேறு ஏதோ சொன்னார்.

முடிவு (இ): அந்த நேரம் முழுக்க என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாயில் வார்த்தையைத் திணிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

தேர்வு முடிந்துவிட்டது. முடிவு வந்துவிட்டதா என்று தெரியவில்லை. அவள் அப்பாவின் கைப்பேசிக்குத்தான் கூப்பிடுகிறாள். அவர் தொழுவத்துக்குப் போய்ப் பேசுகிறார். அந்தத் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் என் மேசையில் இருக்கிறது.

இந்த மலர் ராஜபாளையத்துக்கும் போகும். கார்த்திகா இப்போது மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். வாசிக்கும் உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், செத்த நேரம் நின்று, அவளிடம் ஒன்று கேளுங்கள். பரீட்சை என்ன ஆச்சு, ரயிலில் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா என்று.

நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.